ஆயாக் கொட்டகைக்கு ஒரு புத்தகப் பெட்டி

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாலர் வகுப்பில் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். மூட்டம் சன்னல்வரை வந்து நின்றது. பிள்ளைகள் எல்லாரும் சுவெட்டரில். "யானை ஆற்றுக்குச் சென்றது" என்று வாசித்து அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள், முன்னால் சப்பணமிட்டிருந்த ஐந்து வயதுப் பெண் பிள்ளை கையைத் தூக்கினாள்.

"டீச்சர், தப்பு. யானை ஆத்துக்குப் போச்சு."

திருத்தலாம் என்று வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவள் வீட்டில் யாரும் எங்கும் 'செல்வது' கிடையாது. அம்மா வேலைக்காட்டுக்குப் போறாங்க, தாத்தா கோயிலுக்குப் போனாரு, நாய் லயத்துக்குப் பின்னால போச்சு. அந்தக் காதுக்கு 'சென்றது' புதுச் சொல், 'ஆற்றுக்கு' புது ஒலி. முதலாம் ஆண்டில் அவள் கையில் வரப்போகும் பாடநூல் முழுக்க அந்தத் தமிழில்தான் இருக்கும். எழுத்தையும் அப்போதுதான் கற்க வேண்டும், அந்த எழுத்தில் இருக்கும் மொழியையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்க வேண்டும் என்றால் பிள்ளை திணறத்தான் செய்யும். திணறுகிற பிள்ளையைப் பார்த்து "படிப்பு ஏறலை" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எழுத்தைப் பள்ளி சொல்லிக்கொடுத்துவிடும். காதைப் பழக்குவதுதான் வீட்டு வேலை. தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூனும் கைப்பேசி வீடியோவும் பேச்சுத் தமிழில்தான் பேசுகின்றன. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கேட்கும் பாட்டு ஒன்றில்தான் பிள்ளைக்குப் பழைய தமிழ் காதில் விழுகிறது. அதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் கதை சொல்லும் தமிழ், யானையும் நரியும் பேசும் தமிழ், புத்தகத்தை யாராவது சத்தமாக வாசித்தால்தான் காதுக்கு வரும். அந்தப் புத்தகத்தை நூலகத்திடமிருந்து எப்படி வாங்குவது, வாங்கியபின் வீட்டிலும் ஆயாக் கொட்டகையிலும் அதை வைத்து என்ன செய்வது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ஏழு வயதுக்கு முன்னால்

ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். பாரத் தேயிலை 1933இல் வந்தது. காட்டை அழித்துச் சரிவில் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. அதற்கு முன்பே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு விதி வைத்திருந்தது: 7 வயதிலிருந்து 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

ஏழு வயது ஆகாத பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையைப் போர்வையோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். அங்கே தொட்டில் இருந்தது, பால் இருந்தது, ஆயாவின் தாலாட்டும் இருந்தது. புத்தகத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனால்தானே புத்தகம் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது என்று நினைக்கிறேன். இன்றும் "இன்னும் எழுத்தே தெரியாது, அதுக்கு எதுக்குப் புத்தகம்?" என்று கேட்கும் தாத்தாக்கள் உண்டு. அவர்களோடு வாதாட வேண்டாம். பேரனை மடியில் உட்காரவைத்து ஒரு படப்புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது கொட்டகை பல இடங்களில் தாஸ்கா என்ற பராமரிப்பு மையமாகவும் தாடிக்கா என்ற பாலர் பள்ளியாகவும் மாறிவிட்டது. சில இடங்களில் பாட்டி வீடே கொட்டகை. கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. நூற்றைம்பது பேருக்குக் குறைவான 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் தோட்டத்துப் பள்ளிகள் சேர்ந்துவிடுகின்றன. இதைச் சொல்லிப் புலம்புவதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. நம் வேலைக்கு இந்தச் சின்ன எண்ணிக்கை வசதிதான். முப்பது புத்தகம் கொண்ட ஒரு பெட்டி இருந்தால் ஒரு தோட்டத்தின் எல்லாச் சின்னப் பிள்ளைகளுக்கும் மூன்று மாதத்துக்குப் போதும்.

நூலகத்துக்குப் போவது யார்?

பஹாங் மாநிலப் பொது நூலகக் கழகத்தின் தலைமையகம் குவாந்தானில். மலைவாசிகளுக்கு அருகில் இருப்பது தானா ராத்தாவில் உள்ள பொது நூலகம். தானா ராத்தா பேருந்து ரிங்லெட்டிலிருந்து ஏறிவரும். ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து ரிங்லெட்டுக்கு வருவதுதான் பாடு. ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய தோட்டத்துச் சாலை. வேலை நாளில் தாய்க்கு நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் பிரிஞ்சாங், கியா பாம் பக்கம் ஸ்ட்ராபெரி பறிக்க வந்த சுற்றுலா வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். பள்ளி விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே "பிள்ளையை வாரம் ஒருமுறை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள்" என்று பட்டணத்து நூல்கள் தரும் அறிவுரையை நான் இங்கே தரவில்லை. வருடத்தில் இரண்டு தடவை கூட்டிப் போனால் போதும். அந்தப் பெரிய அலமாரிகளைப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் புத்தகம் மேலே வரவேண்டும்.

1931இல் மன்னார்குடி மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகவியலின் தந்தை என்று நாம் சொல்லும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் தன் ஐந்து விதிகள் நூலை வெளியிட்டதும் அதே வருடம்தான். வயலை விட்டு வரமுடியாதவனிடம் புத்தகம் போக வேண்டும் என்பது அன்றைக்கே தஞ்சைப் பக்கத்தில் செய்து காட்டப்பட்ட காரியம். தேயிலைச் சரிவுக்கு மாட்டுவண்டி ஏறாது. பள்ளி வேன் ஏறும். காய்கறி லாரி ஏறும். மாதம் ஒருமுறை பட்டணம் போகும் கிராணி, ஆசிரியர், வேன் ஓட்டுநர் இவர்களில் ஒருவரைப் பிடியுங்கள்.

அவர் போவதற்கு முன் நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது மொத்தக் கடன். மலாயில் 'பிஞ்சாமான் புக்கால்' என்று சொன்னால் முகப்பில் இருப்பவருக்குச் சட்டென்று புரியும். தனி ஆளுக்குச் சில புத்தகம்தான் கிடைக்கும். பள்ளி, தாடிக்கா, தாஸ்கா போன்ற ஓர் அமைப்பின் பெயரில் தலைமையாசிரியரோ பொறுப்பாளரோ கடிதம் கொடுத்தால் ஒரு பெட்டியே எடுக்க வழி இருக்கிறதா, எத்தனை நாளுக்கு, புத்தகம் பழுதானால் என்ன செய்வது என்று கேளுங்கள். நடமாடும் நூலக வண்டி உங்கள் பக்கம் வருமா, வந்தால் எங்கே நிற்கும் என்றும் கேட்டுவையுங்கள். பிள்ளையை உறுப்பினராக்க பிறப்புப் பத்திரமோ மைகிட் அட்டையோ கேட்பார்கள். நகல் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்தது தமிழ்ப் புத்தகம். வேறொரு ஊர் நூலகத்தில் ஒருமுறை தமிழ் அலமாரியைத் தேடிப் போனேன். சமையல், சோதிடம், அட்டை போன நான்கு நாவல்கள். குழந்தைப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. கோபத்தோடு கேட்டபோது அங்கிருந்த அம்மையார் பொறுமையாகச் சொன்னார்: "யாரும் கேட்டதில்லையே." அந்தப் பதில் எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கும் படிவம் நூலகங்களில் உண்டு. நம்மில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்திருக்கிறோம்? "தமிழ்ப் புத்தகம் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் மறுபடியும் சமையல் புத்தகம்தான் வரும். நூல் பெயர், பதிப்பகம், வயது மூன்றையும் எழுதுங்கள். சென்னையின் தூலிகா, தாரா, பெங்களூரின் பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் பட்டியலைப் பார்த்துத் தமிழ்ப் படப்புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். பத்துக் குடும்பம் கையெழுத்திட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு வழி கிளினிக். 1992இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் புக்ஸ்டார்ட் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது முந்நூறு குழந்தைகளின் வீடுகளுக்குப் புத்தகப் பை போனது. கைக்குழந்தையின் உடல்நலச் சோதனையின்போதே பையைக் கொடுத்துவிட்டார்கள். நம் தாய்மார்கள் நூலகத்துக்குப் போகாவிட்டாலும் ஊசி போடக் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார்கள். காத்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நூலகத்துப் புத்தகம் ஐந்து வைக்க முடியுமா என்று அங்கே உள்ள மிஸ்ஸியிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்குக் காசா பணமா?

பெட்டி எங்கே இருக்க வேண்டும்

ஜப்பானிய எழுத்தாளர் இஷீ மொமொகோ 1958இல் தோக்கியோவில் தன் வீட்டிலேயே ஓர் அறையை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். கத்சுரா புங்கோ என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்து நாடெங்கும் வீட்டு நூலகங்கள் முளைத்தன. லயத்தில் இதற்கு ஓர் அறைகூட வேண்டாம். ஆயாக் கொட்டகையின் மூலை, கோயில் மண்டபத்தின் திண்ணை, இல்லையென்றால் பிள்ளைகள் எப்படியும் கூடும் ஒரு பாட்டியின் வீட்டு ஐந்தடி. பாட்டி கொஞ்சம் கண்டிப்பானவராக இருப்பது நல்லது.

பெட்டியில் என்ன போடுவது? கெட்டி அட்டைப் புத்தகம் கைக்குழந்தைக்கு, கடிக்கத்தான் செய்யும். எழுத்தே இல்லாத படப்புத்தகம் ஆறேழு கட்டாயம் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி இருக்கும் கதைகள்தான் பெட்டியின் பெரும்பகுதி. அழ. வள்ளியப்பா போன்றோரின் குழந்தைப் பாடல் தொகுப்பு ஒன்றிரண்டு. நீதிக்கதைத் தொகுப்புகளை நான் குறைத்துக்கொள்வேன். படம் சின்னது, எழுத்து நெருக்கம், முடிவில் உபதேசம். மூன்று வயதுப் பிள்ளை அதற்குள் எழுந்து போய்விடும்.

கேமரன் மலையில் புத்தகத்துக்கு எலியைவிடப் பெரிய எதிரி ஈரம். தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டரைத் தாண்டிய இடம். தோட்டங்களில் நாள்கணக்கில் மூட்டம் விலகாது. சுவரோடு ஒட்டி வைத்த புத்தகம் மூன்று வாரத்தில் மணக்கத் தொடங்கும். பிறகு முதுகில் பச்சைப் பூஞ்சணம். மூடி இறுக்கமான நெகிழிப் பெட்டி வாங்குங்கள். காலணிப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, துணிப்பையில் தைத்து, பிள்ளை கைக்கு எட்டாதபடி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். வெயில் அடிக்கும் நாளில் புத்தகங்களை விசிறிபோல் விரித்து நிழலில் நிறுத்தி வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் அட்டை வளையும். புத்தகத்தை ஈரக் கையோடு தொடக்கூடாது என்பது ஒன்றைத்தான் பிள்ளைகளுக்குச் சட்டமாகச் சொல்லுங்கள். மற்றச் சட்டங்கள் போட்டால் தொடவே பயப்படுவார்கள்.

போர்வைக்குள் வாசிப்பு

தோட்டத்து வீட்டில் நல்ல நேரம் சாயங்காலம். குளிர் ஏறுமுன் வெந்நீரில் குளிப்பாட்டிப் போர்வையில் சுற்றி உட்காரவைத்த பிள்ளை பத்து நிமிடம் எங்கும் ஓடாது. அந்தப் பத்து நிமிடம் போதும். தினமும் பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரத்தைவிடப் பிள்ளைக்கு நன்றாக ஒட்டும்.

எழுதியிருப்பதை எழுதியபடியே வாசியுங்கள். "சென்றது" என்று இருந்தால் "சென்றது". பிறகு படத்தைப் பார்த்துப் பேசும்போது உங்கள் பேச்சு: "எங்கடா போச்சு யானை?" ஒரே கதையில் இரண்டு தமிழும் மாறி மாறி வருவதால் பிள்ளை குழம்பாது. 'சென்றது' என்றால் 'போச்சு' என்று யாரும் பொருள் சொல்லாமலே பிடித்துக்கொள்ளும். என்னைத் திருத்திய பெண் பிள்ளைக்கு அன்று அதே கதையை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்குமுன் அவளே "சென்றது" என்றாள், அதுவும் மேடையில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு.

அதே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்கும் பிள்ளையிடம் சலித்துக்கொள்ள வேண்டாம். பத்தாவது தடவையில்தான் அது வரிகளை மனப்பாடமாகச் சொல்லி, விரலை வைத்து 'வாசிக்க'த் தொடங்கும். பொய் வாசிப்பு என்று சிரிக்காதீர்கள். மெய்யான வாசிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கேள்வி கேளுங்கள், ஆனால் "இது என்ன?" என்று மட்டும் கேட்டால் "யானை" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "அது ஏன் அழுவுது?" "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இந்த ஐந்துதான் கஷ்டம். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இப்படிக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள், வழக்கம்போல் வாசித்துக்காட்டப்பட்ட பிள்ளைகளைவிடப் பேச்சுத்திறனில் பல மாதங்கள் முன்னால் போயிருந்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்ன செய்வது? எழுத்தில்லாத படப்புத்தகம் அவருக்குத்தான். "எனக்குத் தெரியாதே அம்மா" என்று தள்ளிவிட்ட ஒரு பாட்டியிடம், மழையில் நனையும் கோழிகளின் படத்தை மட்டும் காட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் அவர் சின்ன வயதில் வளர்த்த கோழி, அதைத் தூக்கிப்போன கீரி, கீரியைத் துரத்திய அப்பா என்று கதை லயத்தைச் சுற்றி வந்துவிட்டது. பேரன் பக்கத்தைத் திருப்ப விடவில்லை.

எழுத்துக்கு அவசரம் வேண்டாம். 247 எழுத்தையும் சுவரில் ஒட்டி ஒப்பிக்கவைப்பது ஐந்து வயதுக்கு வேண்டாத வேலை. முதலில் சொல்லைக் கையால் தட்டி உடைக்கட்டும்: கொ-ழுந்-து, கூ-டை, மூட்-டம். பிறகு பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து. புத்தகத்தில் அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடட்டும். எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால் வளைவு குறைந்த ட, ப, ம. ஒன்றை மட்டும் பெரியவர்கள் நினைவில் வைக்க வேண்டும். நமக்கு 'க' ஓர் எழுத்து. பிள்ளையின் காதுக்கு 'கல்'லில் ஒன்று, 'பகல்'லில் ஒன்று, 'தங்க'த்தில் ஒன்று என்று மூன்று ஒலி. தடுமாறினால் மக்கு என்று அர்த்தமில்லை. காது கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தம். 'கொளுந்து' என்று சொன்னாலும் கதையை நிறுத்தித் திருத்தாதீர்கள். அடுத்த வரியில் நீங்கள் 'கொழுந்து' என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

மலாய்ப் புத்தகம்தான் கிடைத்தது என்றால்

பெட்டியில் பாதி மலாயும் ஆங்கிலமுமாகத்தான் வரும். திருப்பி அனுப்பாதீர்கள். படத்தை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுங்கள். மலாய் தெரிந்த அண்ணனோ அக்காளோ இருந்தால் மறுநாள் மலாயில் வாசிக்கட்டும். கதை தெரிந்துவிட்டதால் மலாய்ச் சொல் தானாகப் பொருள் தரும். தமிழில் வாசித்தால் மலாய் பின்தங்கிவிடும் என்ற பயம் தோட்டத்தில் நிறைய இருக்கிறது. வீட்டில் கதையே கேட்காமல் போன பிள்ளைக்குத்தான் எந்த மொழியும் சிரமம். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2004இல் கிட்ஸ்ரீட் திட்டத்தைத் தொடங்கி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டர்களை அனுப்பி வாசித்துக்காட்டியது. இங்கே அந்தத் தொண்டர் வேலையை ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாம். வாசிப்புப் பதிவான நிலாமுக்கும் அவர்களுக்குப் புத்தகம் வேண்டும். தம்பி தங்கைக்கு வாசித்ததை எழுதிக்கொள்ளட்டும்.

கைப்பேசி பற்றி இரண்டு வார்த்தை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக, வாசிப்பு நிலை பிரித்து இருக்கின்றன. தோட்டத்தில் லைன் கிடைப்பது சரிவையும் மேகத்தையும் பொறுத்தது. பட்டணத்துக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதையைப் பள்ளியில் அச்சடித்து, தைத்துப் பெட்டியில் போட்டால் இன்னும் நல்லது.

பெட்டி திரும்பும் நாள்

பெட்டியின் மூடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். தேதி, வீட்டு எண், புத்தகம், அவ்வளவுதான். பெயர் எழுதத் தெரியாத பிள்ளை ஒரு படம் போடட்டும். பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகக் கேட்கத் தொடங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில், சாமி மாடத்தில், அண்ணனின் பள்ளிப் பையில் என்று ஒவ்வொன்றாக வரும். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், ஈரத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். கிழிந்தது என்று ஒரு சீட்டு செருகி நூலகத்திலேயே கொடுத்துவிடுங்கள், அவர்களிடம் அதற்கான தாள் இருக்கும். மூலையில் பல் பதிந்திருக்கும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றாவது இருக்கும். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பெட்டியில் அதையே மறுபடி கேட்டு வாங்கி, முதலில் அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.